உராய்வைத் தவிர்த்த விசை: நுண்மின்னியந்திர அமைப்புகளில் நிலைமின் இயக்கிகளின் வரலாறு (1967–1996)

ஆய்வுச் சுருக்கம்

நுண்மின்னியந்திர அமைப்புகளில் அசைவை உண்டாக்கும் உறுப்புகளுள் நிலைமின் இயக்கி முதன்மையானது. அதன் வரலாறு பொதுவாக 1959ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஃபெயின்மன் ஆற்றிய உரையில் தொடங்கி, 1988இல் பெர்க்லியில் சுழன்ற நுண்மின்னோடியை உச்சமாகக் கொண்டு, இன்றைய கருவிகளில் முடிவதாகக் கூறப்படுகின்றது. இக்கட்டுரை அவ்வரிசையை மறுபரிசீலனை செய்கின்றது. வெளிவந்த ஆய்வுரைகளில் பதிவாகியுள்ள அளவீடுகளையும் அடிப்படை மின்னியல் கணக்கீடுகளையும் ஒப்பிட்டு நோக்கும்போது, நிலைபெற்ற கருவிகள் அனைத்தும் சுழலும் மின்னோடியின் வழிவந்தவை அல்ல என்பதும், மீள்தன்மையுள்ள தாங்கியில் தொங்கி அசையும் அமைப்பின் வழிவந்தவை என்பதும் புலனாகின்றன. அளவு சுருங்கும்போது நிலைமின் விசை வலுப்பெறுவதைப் போலவே உராய்வும் ஒட்டுதலும் வலுப்பெறுகின்றன. இவ்விரண்டாம் உண்மையை ஏற்று வடிவமைத்தவர்களே வெற்றி கண்டனர் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நிலைமின் இயக்கி, நுண்மின்னியந்திர அமைப்பு, மெம்ஸ், ஈர்ப்பு வீழ்ச்சி, சீப்பு இயக்கி, நுண்மின்னோடி, எண்முறை நுண்கண்ணாடி

1. முன்னுரை

மெம்ஸ் என்று சுருக்கமாக வழங்கப்படும் நுண்மின்னியந்திர அமைப்புகள், மின்னணுச் சில்லுகளைச் செய்யும் அதே முறைகளால் சிலிக்கான் மீது செதுக்கப்படும் இயந்திர உறுப்புகளைக் கொண்டவை. அவற்றின் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் முதல் சில நூறு மைக்ரோமீட்டர் வரை அமையும். உந்துவண்டியின் காற்றுப்பையை விரியச் செய்யும் முடுக்கமானி, கைப்பேசி திரும்புவதை உணரும் சுழற்சி உணரி, வகுப்பறைத் திரையில் படம் காட்டும் ஒளிவீழ்த்தி ஆகியன இவ்வகை உறுப்புகளால் இயங்குவன.

இவ்வுறுப்புகளை அசைப்பதற்குப் பல வழிகள் உண்டு. வெப்பத்தால் விரியச் செய்யலாம், அழுத்தமின் படிகத்தைப் பயன்படுத்தலாம், காந்தப்புலத்தையும் நாடலாம். எனினும் மிகுதியாகக் கையாளப்படுவது நிலைமின் முறையே. இரண்டு கடத்திகளுக்கிடையே மின்னழுத்தம் தரும்போது அவை ஒன்றையொன்று ஈர்க்கும். அவற்றுள் ஒன்று அசையத்தக்கதாக இருப்பின் அதுவே இயக்கி. தனிப்பட்ட பொருளோ, சுருளோ, காந்தமோ இதற்குத் தேவையில்லை. அசையாமல் ஒரு நிலையில் நிறுத்தி வைக்க மின்னோட்டமும் தேவைப்படுவதில்லை. ஒரு மின்தேக்கியின் ஒரு தகட்டை அசையவிட்டாற் போதும்.

இத்துணை எளிய கொள்கை பயனுள்ள கருவியாக மாற ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் எவ்வடிவங்கள் நிலைத்தன, எவை மறைந்தன, அதற்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. 1967இல் ஒத்ததிர் வாயில் டிரான்சிஸ்டர் பற்றிய முழுமையான ஆய்வுரை வெளிவந்தது முதல், 1996இல் எண்முறை நுண்கண்ணாடிகளைக் கொண்ட ஒளிவீழ்த்திகள் சந்தைக்கு வந்தது வரையிலான காலம் ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகின்றது.

2. பேரளவில் பின்தங்கிய விசை

நிலைமின் விசையால் சுழலும் பொறி காந்தவிசை மின்னோடிக்கு முற்பட்டது. 1740களில் எர்ஃபர்ட் நகரில் வாழ்ந்த துறவி ஆண்ட்ரூ கோர்டன், மின்னூட்டத்தால் ஒலிக்கும் மணிகளையும் சுழலும் கருவியையும் செய்தார். பெஞ்சமின் ஃபிராங்கிளின் 1749இல் பீட்டர் காலின்சனுக்கு எழுதிய மடலில், நிமிடத்திற்கு 12 முதல் 15 முறை சுழலும் மின்சக்கரம் ஒன்றை விவரிக்கின்றார். மின்னோட்டத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பை ஓர்ஸ்டெட் கண்டது 1820இல் தான். அவ்வகையில் நிலைமின் பொறி அரை நூற்றாண்டுக்கும் மேலாக முந்தியது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் தொழிலுலகை ஆண்டது காந்தவிசை மின்னோடியே.

இதற்குக் காரணம் காற்றின் தாங்குதிறன். சாதாரண அழுத்தத்தில், சென்டிமீட்டர் அளவிலான இடைவெளியில், மீட்டருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ட் என்னும் புலவலிமையை எட்டியதும் காற்று மின்கடத்தியாக மாறிப் பொறி பாய்ந்துவிடும். அவ்வெல்லையில் மின்புலத்தில் தேங்கும் ஆற்றல் கனமீட்டருக்குச் சுமார் 40 ஜூல் மட்டுமே. ஒரு டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்திலோ கனமீட்டருக்கு ஏறத்தாழ 4,00,000 ஜூல் தேங்குகின்றது. பத்தாயிரம் மடங்கு வேறுபாடு இது. இழுக்கும் விசை இவ்வாற்றல் அடர்த்தியைப் பொறுத்ததாதலின், பேரளவில் நிலைமின் பொறி போட்டியிட இயலாமற் போனது.

இடைவெளி மைக்ரோமீட்டர் அளவுக்குக் குறையும்போது நிலைமை மாறுகின்றது. ஃபிரெடெரிக் பாஷன் 1889இல் வெளியிட்ட விதியின்படி, மின்முறிவுக்குத் தேவையான மின்னழுத்தம் இடைவெளியோடு தொடர்ந்து குறைந்துகொண்டே போவதில்லை. வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் இடைவெளியில், சுமார் 330 வோல்ட் என்னும் சிறும மதிப்பை அடைந்து, அதனினும் குறுகிய இடைவெளியில் அது மீண்டும் உயர்கின்றது. ஓர் எலக்ட்ரான் எதிர்முனையை அடைவதற்குள் போதிய அளவு வளிமூலக்கூறுகளோடு மோத வாய்ப்பில்லாமையால் அயனிப் பெருக்கம் நிகழ்வதில்லை. மிகக் குறுகிய இடைவெளிகளில் மின்முனைப் பரப்பிலிருந்தே எலக்ட்ரான்கள் வெளிப்படத் தொடங்குவதால் இவ்விதி அங்கு அப்படியே பொருந்தாது. எனினும் 2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 100 வோல்ட்டைப் பாதுகாப்பாகத் தரவியலும். அந்நிலையில் ஆற்றல் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 11,000 ஜூல். பேரளவுக் காற்றிடைவெளியில் கிட்டுவதைப் போல் ஏறக்குறைய 280 மடங்கு.

அளவு சார்ந்த இம்மாற்றத்தை வில்லியம் டிரிம்மர் முதலானோர் 1980களின் பிற்பகுதியில் முறைப்படுத்தி எழுதினர். மின்புல வலிமையை மாறாது வைத்து எல்லா நீளங்களையும் பத்தில் ஒரு பங்காக்கினால் நிலைமின் விசை நூறில் ஒரு பங்காகும். மின்னோட்ட அடர்த்தியை மாறாது வைத்து அவ்வாறே சுருக்கினால், சுருள்களுக்கிடையிலான காந்தவிசை பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பொருளின் எடையோ ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆதலின் சுருங்கச் சுருங்கக் காந்தவிசை எடையினும் விரைந்து மெலிகின்றது. நிலைமின் விசை எடையை விஞ்சி நிற்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். பக்கத்திற்கு 100 மைக்ரோமீட்டர் நீளமும் 2 மைக்ரோமீட்டர் தடிப்பும் உள்ள சிலிக்கான் தகடு ஒன்றை, மற்றொரு தகட்டிலிருந்து 2 மைக்ரோமீட்டர் தொலைவில் வைத்து 10 வோல்ட் தருவதாகக் கொள்வோம். ஈர்ப்பு விசை ஏறத்தாழ 1.1 மைக்ரோநியூட்டன். தகட்டின் எடை 0.46 நானோநியூட்டன் அளவே. அதாவது, வெறும் 10 வோல்ட் தகட்டின் எடையைப் போல் 2,400 மடங்கு விசையைத் தருகின்றது.

3. பொன்விட்டமும் மூன்றில் ஒரு பங்கு எல்லையும்

நிலைமின் விசையைச் சிலிக்கான் சில்லில் முதன்முதல் திட்டமிட்டுக் கையாண்டவர் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி நேதன்சன். 1965இல் விக்ஸ்ட்ராமுடன் இணைந்து வெளியிட்ட முதற்குறிப்பையும், 1967இல் நியூவெல், விக்ஸ்ட்ராம், டேவிஸ் ஆகியோருடன் வெளியிட்ட விரிவான ஆய்வுரையையும் இத்துறையின் தொடக்க ஆவணங்களாகக் கொள்ளலாம். அவர்களின் நோக்கம் நுண்பொறி செய்வதன்று. அக்கால ஒருங்கிணைந்த சுற்றுகளில் மின்தூண்டிச் சுருளைச் செய்வது அரிதாக இருந்தமையால், குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் தெரிந்தெடுக்கும் உறுப்பு சில்லுக்குள் அமையவில்லை. இசைக்கவை போன்ற அதிரும் உறுப்பைச் சில்லின் மேலேயே வைத்தால் அக்குறை தீரும் என்று அவர்கள் கருதினர்.

அவர்கள் அமைத்த ஒத்ததிர் வாயில் டிரான்சிஸ்டரில், ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை தொங்கும் மெல்லிய பொன்விட்டம் சிலிக்கான் பரப்புக்கு மேலே நிற்கும். கீழே உள்ள மின்முனைக்குச் சைகை தந்தால் விட்டம் ஈர்க்கப்பட்டு அதிரும். அவ்வதிர்வு, அடியிலுள்ள டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தை மாற்றும். 1 கிலோஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை அதிரும் விட்டங்கள் செய்யப்பட்டன. விட்டத்தின் கீழே ஓர் இடைப்படலத்தை வைத்து, மேலே பொன்னைப் படியச் செய்து, பின்னர் இடைப்படலத்தைக் கரைத்து நீக்கும் உத்தி இங்கே கையாளப்பட்டது. இடையில் நின்று பின்னர் அழியும் இப்படலமே பிற்காலத்தில் இத்துறையின் அடிப்படை உத்தியாயிற்று.

இவ்வாய்வுரையின் நிலைத்த பங்களிப்புகள் இரண்டு. முதலாவது, விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஒப்பாதலின், சைகையை மட்டும் தந்தால் விட்டம் சைகையின் இருமடங்கு அதிர்வெண்ணில் இழுக்கப்படும். மாறாத ஒரு மின்னழுத்தத்தை அடிப்படையாகத் தந்து அதன்மேல் சைகையை ஏற்றினால், விசையின் முதன்மைக் கூறு சைகையோடு நேர்விகிதத்தில் அமையும். சைகையும் விசையும் ஒரே அதிர்வெண்ணில் அமைய விரும்பும் வடிவமைப்புகள் இன்றும் இவ்வுத்தியையே பின்பற்றுகின்றன.

இரண்டாவது, ஈர்ப்பு வீழ்ச்சி எனத் தமிழில் குறிக்கத்தக்க நிகழ்வின் பகுப்பாய்வு. மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் வளரும். நிலைமின் விசையோ எஞ்சிய இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் வளரும். ஆதலின் தகடு நெருங்க நெருங்க ஈர்ப்பு மீள்விசையை முந்துகின்றது. தொடக்க இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கைத் தகடு கடந்தவுடன் சமநிலை குலைந்து, அது எதிர்த்தகட்டின்மீது விழுந்துவிடும். மேற்கூறிய தகட்டை மீட்டருக்கு ஒரு நியூட்டன் விறைப்புள்ள தாங்கியில் தொங்கவிட்டால், இவ்வீழ்ச்சி சுமார் 5.2 வோல்ட்டில் நிகழும். இடைவெளியை 4 மைக்ரோமீட்டராக்கினால் அது சுமார் 14.6 வோல்ட்டாக உயரும். ஏறத்தாழ இதே காலத்தில், 1968இல், ஜி. ஐ. டெய்லர் மின்னூட்டமுற்ற நீர்த்துளிகள் இணைவதை ஆராய்ந்தபோது இத்தகைய நிலைகுலைவையே எதிர்கொண்டார் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

ஒத்ததிர் வாயில் டிரான்சிஸ்டர் சந்தையில் நிலைபெறவில்லை. பொன் அதிர்வுறுப்புக்கு ஏற்ற பொருளன்று. அதன் அதிர்வெண் வெப்பநிலையோடு மாறியது. அதே காலத்தில் சுற்றுகளால் ஆன வடிகட்டிகள் வளர்ந்தன. கருவி மறைந்தாலும் விட்டம், கரையும் இடைப்படலம், மின்தேக்கி முறை இயக்கம், வீழ்ச்சி எல்லை ஆகிய நான்கும் அடுத்த தலைமுறைக்கு எஞ்சின.

4. பொன்னிலிருந்து சிலிக்கானுக்கு

பொன்னின் குறையை நீக்கும் விடை சிலிக்கானிலேயே இருந்தது. ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தின் கர்ட் பீட்டர்சன், 1970களின் இறுதியில் நிலைமின் விசையால் வளையும் நுண்படலங்களையும் நுண்மின்விசைகளையும் செய்தார். 1980இல் முறுக்குத் தாங்கியில் ஆடும் சிலிக்கான் கண்ணாடியை அவர் வெளியிட்டார். 1982இல் அவர் எழுதிய நெடிய ஆய்வுரை, சிலிக்கான் மின்னணுப் பொருள் மட்டுமன்றிச் சிறந்த இயந்திரப் பொருளும் ஆகும் என்பதை நிறுவியது. அறை வெப்பநிலையில் ஒற்றைப்படிகச் சிலிக்கான் உலோகம்போல் நிலையாக வளைந்துபோவதில்லை; உடையும் வரை மீள்தன்மையோடு நடந்துகொள்ளும். கோடிக்கணக்கான முறை அசைய வேண்டிய தாங்கிக்கு இப்பண்பு இன்றியமையாதது.

1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரோஜர் ஹோவும் ரிச்சர்ட் முல்லரும் பல்படிகச் சிலிக்கான் விட்டங்களைச் செய்து காட்டினர். இடைப்படலமாகச் சிலிக்கான் ஆக்சைடு அமைந்தது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும், சிலிக்கானை விட்டுவிடும். மின்னணுத் தொழிற்சாலைகளில் ஏற்கெனவே வழக்கிலிருந்த இரண்டு பொருள்களாலேயே தொங்கும் உறுப்பைச் செய்ய இயன்றமையால், மேற்பரப்பு நுண்செதுக்கம் எனப்படும் முறை உறுதிபெற்றது.

5. 1988இன் நுண்மின்னோடி: சாதனையும் எல்லையும்

ஃபெயின்மன் 1959ஆம் ஆண்டு டிசம்பரில் ஆற்றிய உரையில், பக்கத்திற்கு ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு அளவுள்ள மின்னோடியைச் செய்வோருக்கு 1,000 டாலர் பரிசு அறிவித்தார். 1960இலேயே வில்லியம் மெக்லெல்லன் அதனை வென்றார். ஆனால் அவர் செய்தது கையால் கோத்த காந்தவிசை மின்னோடியே. புதிய செய்முறை எதுவும் அதில் தேவைப்படவில்லை. சில்லுச் செய்முறையால் மின்னோடி செய்யும் கனவு 1980கள் வரை எஞ்சியிருந்தது.

1987இல் பெர்க்லியிலும் பெல் ஆய்வுக்கூடங்களிலும் அச்சில் கட்டின்றிச் சுழலும் நுண்பல்சக்கரங்கள் செய்யப்பட்டன. 1988இல் லாங்-ஷெங் ஃபான், யூ-சோங் டாய், முல்லர் ஆகியோர் நிலைமின் விசையால் தொடர்ந்து சுழலும் மின்னோடியை வெளியிட்டனர். சுழலியின் விட்டம் 60 முதல் 120 மைக்ரோமீட்டர் வரை. மனித முடியின் தடிப்போடு ஒப்பிடத்தக்கது. சுழலியைச் சுற்றி நிலையான மின்முனைகள் வட்டமாக அமைந்திருக்கும். அவற்றுக்கு வரிசையாக மின்னழுத்தம் தரும்போது, சுழலியின் பற்கள் மின்னூட்டமுற்ற முனைகளோடு நேர்ப்பட முயன்று திரும்பும். மின்தேக்குதிறன் பெருகும் திசையில் அசைவு நிகழும் என்னும் விதியே இதன் அடிப்படை. விரைவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் இத்தகைய மின்னோடிகள் இயக்கப்பட்டன.

பெர்க்லிக் குழுவினர் பதிவுசெய்த அளவீடுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. சுழற்சி வேகம் நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளுக்குள் அடங்கியது. தொடக்க மின்னழுத்தம் குறைந்தது 60 வோல்ட். சில வடிவங்களில் 100 வோல்ட்டுக்கும் மேல். இது எதிர்பார்த்ததைப் போல் பத்து மடங்கேனும் மிகுதி. இயக்கத்தில் உராய்வே மேலோங்கி நிற்கின்றது என்பதை அவர்களே எடுத்துரைத்தனர். ஆக, இச்சாதனையை அறிவித்த ஆவணமே அதன் எல்லையையும் அறிவித்தது.

காரணம் எளிதில் விளங்கும். அளவு சுருங்கும்போது எடையும் நிறைமமும் மும்மடி வீதத்தில் குறைய, பரப்பைச் சார்ந்த விசைகள் இருமடி வீதத்திலேயே குறைகின்றன. நிலைமின் விசைக்கு ஏற்றம் தந்த அதே விதி, பரப்புகளுக்கிடையிலான ஒட்டுவிசைக்கும் உராய்வுக்கும் ஏற்றம் தருகின்றது. மின்னோடியில் கிட்டும் முறுக்குவிசையோ பிக்கோநியூட்டன்-மீட்டர் என்னும் அலகில் அளக்கத்தக்கது. மேலும் சுழலியைச் சுற்றியுள்ள மின்புலம் அதனைத் திருப்புவதோடு அடித்தளத்தை நோக்கியும் இழுக்கும். அவ்விழுப்பு உராய்வைக் கூட்டும். மசகெண்ணெயும் இங்கு உதவாது. அதன் பரப்பிழுவிசையே சுழலியைச் சிறைப்படுத்திவிடும்.

இதனைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. வழுக்குவதற்கு மாறாக உருளும் தள்ளாட்ட மின்னோடி ஒன்று. சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தினர் 1995இல் வெளியிட்ட நுண்பொறி மற்றொன்று. அதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு நேரியக்கிகள் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றின. நெடுநேரம் இயக்கிச் சோதித்தபோது, சக்கரத்தின் அச்சில் தேய்மானத் துகள்கள் சேர்ந்து அது நின்றுபோனது. ஈரப்பதம் குறைந்த சூழலில் துகள்கள் மிகுந்தன என்பதும் அக்கூடத்தின் பிந்தைய ஆய்வுகளால் தெரியவந்தது. தேய்ந்தது சக்கரத்தின் அச்சு. அதனை இயக்கிய நேரியக்கிகள் அல்ல. இந்நேரியக்கிகளின் மூலம் அடுத்த பகுதியில் ஆராயப்படுகின்றது.

6. சீப்பு இயக்கி: 1989

நுண்மின்னோடி ஊடகங்களின் கவனத்தைப் பெற்றிருந்த அதே காலத்தில், அதே பெர்க்லியில், வில்லியம் டாங், டு-குவாங் நுயென், ஹோவ் ஆகியோர் 1989இல் மற்றொரு வடிவத்தை வெளியிட்டனர். பற்கள் ஒன்றனுள் ஒன்று நுழையுமாறு வைத்த இரண்டு சீப்புகளை ஒத்தது அது. ஒரு சீப்பு நிலையானது. மற்றொன்று மடிப்பு விட்டங்களால் தாங்கப்பட்டுச் சில்லின் பரப்புக்கு இணையாக அசைவது. மின்னழுத்தம் தந்தால் அசையும் சீப்பு மேலும் உள்ளே இழுக்கப்படும்.

இவ்வமைப்பின் சிறப்பு அதன் விசைவிதியில் உள்ளது. பற்கள் உள்ளே நுழையும்போது அவற்றுக்கிடையிலான இடைவெளி மாறுவதில்லை. எதிரெதிர் நிற்கும் பரப்பு மட்டும் நேர்விகிதத்தில் வளர்கின்றது. எனவே விசை இடப்பெயர்ச்சியைச் சாராது மாறாமல் நிற்கின்றது. இணைத்தகட்டைக் கட்டுப்படுத்திய மூன்றில் ஒரு பங்கு எல்லை, அசைவின் திசையில் இங்கு இல்லை. பற்கள் பக்கவாட்டில் சாய்ந்தால் மட்டுமே வீழ்ச்சி நிகழும். அதனைத் தடுக்கவே அத்திசையில் விறைப்பு மிகுந்த மடிப்பு விட்டங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன.

இதற்கு ஈடாக இழந்தது விசையின் அளவு. தடிப்பும் இடைவெளியும் சமமாக உள்ள பல் ஒன்று 30 வோல்ட்டில் ஏறத்தாழ 8 நானோநியூட்டன் மட்டுமே தரும். 100 பற்கள் சேர்ந்தாலும் 0.8 மைக்ரோநியூட்டனே. இணைத்தகடு 10 வோல்ட்டிலேயே இதனினும் மிகுதியாகத் தந்ததை மேலே கண்டோம். ஆனால் சீப்பின் விசை எதனோடும் உரசிப் போராட வேண்டியதில்லை. தாங்கியை ஒத்ததிர்வில் இயக்கினால் சிறுவிசையும் பெருவீச்சாக வளரும். டாங் குழுவினரின் 2 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அமைப்புகள் 18 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரை அதிர்ந்தன. காற்றில் அவற்றின் தரக்காரணி 20 முதல் 130 வரை இருந்தது. கண்ட அதிர்வெண்களைக் கணிக்க எளிய விட்டக் கோட்பாடே போதுமாயிற்று என்றும் அவர்கள் பதிவுசெய்தனர். கணித்ததைப் போல் பத்து மடங்கு மின்னழுத்தம் கேட்ட மின்னோடியோடு இதனை ஒப்பிட்டால், முன்கூட்டியே கணிக்கத்தக்க தன்மையே சீப்பு இயக்கியின் பெரும்பேறு என்பது விளங்கும். ஒரு கருவியை ஆயிரக்கணக்கில் செய்ய விழையும் தொழிற்சாலைக்கு இதனினும் முதன்மையான பண்பு இல்லை.

1993இல் டிரேப்பர் ஆய்வுக்கூடத்தினர் சீப்பு இயக்கியால் இரண்டு நிறைகளை எதிரெதிர்த் திசையில் அதிரச் செய்து, இசைக்கவை வகைச் சுழற்சி உணரியை வெளியிட்டனர். அதிரும் நிறை, சுழற்சியின்போது கோரியோலிஸ் விசையால் செங்குத்தாக விலகும். அவ்விலகல் மின்தேக்குதிறன் மாற்றமாக அளக்கப்படும். நிறையை அதிரச் செய்தும் அதன் விலகலை அளந்தும் சுழற்சியை அறியும் இம்முறை, பின்னாளில் கைப்பேசிகள் வரை பரவியது.

7. வீழ்ச்சியைத் தவிர்த்த கருவியும் வீழ்ச்சியைப் பயன்கொண்ட கருவியும்

1990களின் இரண்டு வணிகக் கருவிகள், ஈர்ப்பு வீழ்ச்சியை எதிரெதிர் வழிகளில் கையாண்டன.

அனலாக் டிவைசஸ் நிறுவனம் காற்றுப்பைகளுக்காகச் செய்து 1993இல் பேரளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த ஏடிஎக்ஸ்எல்50 முடுக்கமானி முதலாவது. ஈர்ப்பு முடுக்கத்தின் 50 மடங்கு வரை அளக்கவல்ல அதன் அசையும் நிறை, ஏறத்தாழ 0.1 மைக்ரோகிராம் அளவே. வண்டி மோதும்போது நிறை விலக முயலும். சுற்று அவ்விலகலை உணர்ந்து, நிலைமின் விசையால் நிறையை நடுவிலேயே நிறுத்தும். நிறுத்துவதற்குத் தேவைப்பட்ட மின்னழுத்தமே முடுக்கத்தின் அளவாகும். இங்கு இயக்கியின் பணி அசைப்பதன்று, அசையாமல் காப்பது. நிறை நடுவிலிருந்து விலகாமையால் வீழ்ச்சி எல்லையை அது நெருங்குவதில்லை. பிந்தைய வடிவங்களில் இப்பின்னூட்டம் கைவிடப்பட்டு எளிய திறந்த முறை ஏற்கப்பட்டது. எனினும் தற்சோதனைக்கான நிலைமின் உறுப்பு விடப்படவில்லை. தற்சோதனைக் கட்டளை வந்ததும் அது நிறையைச் சிறிது தள்ளிப் பார்த்து, உணரி உயிரோடு உள்ளதா என்பதைச் சோதிக்கும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் வடிவமைத்த எண்முறை நுண்கண்ணாடி இரண்டாவது. 1977இல் தொடங்கிய முயற்சியில் கண்ணாடியின் வளைவை மின்னழுத்தத்தால் படிப்படியாக மாற்றி ஒளியைக் கட்டுப்படுத்த முயன்றனர். ஒவ்வொரு கண்ணாடியும் ஒரே மின்னழுத்தத்திற்கு ஒரே அளவில் வளைய வேண்டும் என்பது பெரும் இடராயிற்று. 1987இல் ஹார்ன்பெக் இவ்வணுகுமுறையைத் துறந்தார். 16 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரக் கண்ணாடியை முறுக்குத் தாங்கியில் நிறுத்தி, இருபுறமும் மின்முனை வைத்து, வீழ்ச்சி எல்லையைக் கடந்து ஏதேனும் ஒரு பக்கம் முழுமையாகச் சாயுமாறு செய்தார். சாய்வு 10 பாகை. அவ்வெல்லையில் கண்ணாடி தடுப்பின்மீது அமர்ந்துவிடும். அடியிலுள்ள நினைவகக் கலத்தின் நிலையே எப்பக்கம் சாய்வது என்பதைத் தீர்மானிக்கும். ஒளியின் அளவைச் சாய்வால் அன்றி, ஒளிரும் பக்கத்தில் கண்ணாடி தங்கும் நேரத்தால் கட்டுப்படுத்தினார். 1996இல் இதனைக் கொண்ட ஒளிவீழ்த்திகள் விற்பனைக்கு வந்தன.

1967இல் தவிர்க்க வேண்டிய கேடாகப் பகுத்தாயப்பட்ட நிலைகுலைவு, இருபது ஆண்டுகளுக்குப் பின் கருவியின் இயங்குமுறையாகவே மாறியது. தாங்கிகளின் விறைப்பில் சிறுசிறு வேறுபாடுகள் இருந்தாலும், வீழ்ந்த கண்ணாடிகள் அனைத்தும் ஒரே கோணத்தில் நிற்கும். இலட்சக்கணக்கான உறுப்புகள் ஒன்றுபோல் நடக்க வேண்டிய இடத்தில், நிலைகுலைவே சீர்மையைத் தந்தது.

8. ஒட்டுதல் என்னும் இடர்

நுண்கண்ணாடி தடுப்பைத் தொடுவதால், உராய்வைத் தவிர்த்த வடிவங்களே நிலைத்தன என்னும் கருத்துக்கு அது விலக்கன்றோ என்னும் ஐயம் எழலாம். இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். கண்ணாடி தொட்டு நிற்கின்றது; அச்சைப் போல் ஓயாது உரசிச் சுழல்வதில்லை. எனவே தேய்மானம் சிறிது; எஞ்சிய இடர் ஒட்டுதல். அமர்ந்த கண்ணாடி எழாமற் போகலாம். அதனைத் தீர்க்கத் தொடும் முனைகள் நெகிழும் விற்களாக்கப்பட்டன, பரப்பில் ஒட்டாப் பூச்சு இடப்பட்டது, எழுப்புவதற்கென மின்துடிப்பு தரப்பட்டது. தொடுகை விலக்கப்படாமல், எண்ணி அளந்து அனுமதிக்கப்பட்டது எனலாம்.

தொடாமல் அசையும் அமைப்புகளும் ஒட்டுதலிலிருந்து முற்றும் தப்பவில்லை. இடைப்படலத்தைக் கரைத்தபின் கழுவும் நீர் உலரும்போது, அதன் பரப்பிழுவிசை விட்டங்களை அடித்தளத்தோடு இழுத்து ஒட்டிவிடும். நீர்மத்திற்கும் வளிமத்திற்கும் இடையே எல்லைப்பரப்பு தோன்றாத மிகைநிலைக் கரியமிலவாயுவால் உலர்த்தும் முறை 1990களில் இதற்குத் தீர்வாயிற்று. நுண்மின்விசைகளில் வேறோர் இடர் தோன்றியது. இடையிலுள்ள மின்காப்புப் படலத்தில் மின்னூட்டம் சிறிது சிறிதாகத் தேங்கி, மின்னழுத்தத்தை நீக்கிய பின்னும் தகட்டைப் பிடித்து வைத்தது. இவ்வகை விசைகள் பரவலாக வழக்கிற்கு வரக் காலம் தாழ்த்தியமைக்கு இத்தேக்கமும் ஒரு காரணம்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. நிலைமின் விசை பேரளவில் பின்தங்கியதும் நுண்ணளவில் முன்னேறியதும் ஒரே காரணத்தால் விளைந்தவை. இடைவெளியின் அளவே காற்று தாங்கும் புலத்தையும் விசைக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தையும் தீர்மானித்தது.

2. இத்துறையின் நிலைத்த மரபு, மின்னோடியைச் சிறிதாக்கும் கனவிலிருந்து தோன்றியதன்று. சில்லுக்குள் அதிர்வெண் தெரிவியை அமைக்க முயன்ற 1967ஆம் ஆண்டுப் பொன்விட்டத்திலிருந்து சீப்பு இயக்கி வழியாகச் சுழற்சி உணரி வரை செல்லும் கோடே அம்மரபு.

3. 1988இன் நுண்மின்னோடி செய்முறையின் ஆற்றலை மெய்ப்பித்தது. அதனோடு, பரப்பு விசைகள் ஆளும் உலகில் அச்சும் சக்கரமும் பொருந்தா என்பதையும் அளவீட்டால் காட்டியது. அதனைத் தோல்வி என ஒதுக்குதலும், இன்றைய கருவிகளின் மூதாதை எனப் போற்றுதலும் சான்றுகளுக்கு ஒவ்வா.

4. ஈர்ப்பு வீழ்ச்சி ஒரு கருவியில் விலக்கப்பட்டது; மற்றொன்றில் பயன்கொள்ளப்பட்டது. ஓர் இயற்பியல் நிகழ்வு குறையா, பயனா என்பதை அதனை ஏற்கும் வடிவமைப்பே முடிவு செய்கின்றது.

பேரளவுப் பொறியியலின் வடிவங்களான அச்சு, சக்கரம், பற்சக்கரத் தொடர் ஆகியவற்றை நுண்ணுலகிற்கு அப்படியே பெயர்க்க முயன்றவை காட்சிப் பொருள்களாக நின்றன. வளைந்து மீளும் விட்டத்தையும் தொடாமல் ஈர்க்கும் மின்புலத்தையும் ஏற்றவை உற்பத்திக்கு வந்தன. பாடநூல்களில் இவ்வரலாறு எழுதப்படும்போது, மின்னோடியின் படத்திற்கு அருகிலேயே அதன் தொடக்க மின்னழுத்த அளவீடும் இடம்பெறுமாயின், இத்துறை ஏன் இவ்வழியில் வளர்ந்தது என்பது மாணவர்க்கு எளிதில் விளங்கும்.